கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்நுழைவுத் திரைக்கே திரும்புகிறது: டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ

கருந்திரை கேட்டது:

வணக்கம். என் கணினியில் டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், உள்நுழைவுத் திரைக்கு லைட்டிஎம். ரூட்டும் (கணினிக் கோப்புகள்) ஹோமும் (என் கோப்புகள்) ஒரே 40 ஜிபி வட்டுப் பிரிவில், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் இருக்கின்றன. இன்று காலை முதல் கடவுச்சொல் கொடுத்து என்டர் தட்டினால், இரண்டு நொடி திரை கறுத்து மறுபடி உள்நுழைவுத் திரையே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்தி வருவதில்லை.

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் அதே கடவுச்சொல்லில் நுழைய முடிகிறது. எக்ஸ்எஃப்சிஇ, லைட்டிஎம் இரண்டையும் மறுநிறுவல் செய்தேன், மாற்றமில்லை. டெஸ்க்டாப்பை நேரடியாகத் தொடங்கும் 'ஸ்டார்ட்எக்ஸ்' கட்டளையை வெறுமனே கொடுத்தால் பிழையோடு நிற்கிறது. நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சுடோ சேர்த்து 'சுடோ -ஈ ஸ்டார்ட்எக்ஸ்' கொடுத்தால் மட்டும் டெஸ்க்டாப் திறக்கிறது. நிர்வாகிப் பயனரான ரூட்டுக்குத் திறப்பது எனக்கு ஏன் திறக்கவில்லை? ஹோமில் உள்ள கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய வழி வேண்டும்.

நங்கூரம் பதில்:

சுடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் சிக்கல் கூடுகிறது.

கடவுச்சொல்லை லைட்டிஎம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன்பின் தொடங்கும் அமர்வுதான் உடனே விழுகிறது. மறுநிறுவல் யுஎஸ்ஆர் போன்ற கணினி அடைவுகளைத்தான் தொடும், உங்கள் ஹோமைத் தொடாது. அமர்வோ தொடங்கும்போதே ஹோமில் எழுதியாக வேண்டும்: புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி, எக்ஸ்செஷன்-எரர்ஸ், ஐஸ்அத்தாரிட்டி ஆகிய கோப்புகள். அங்கே எழுத முடியாவிட்டால் நீங்கள் சொன்னதுபோலவே திரும்பி வரும்.

ரூட்டுக்கு மட்டும் திறக்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 40 ஜிபியில் அது ஏறக்குறைய 2 ஜிபி. வட்டு நிரம்பிய பின்னும் ரூட் அந்த 2 ஜிபியில் எழுதலாம், நீங்கள் ஒரு பைட்டும் எழுத முடியாது. உங்கள் மறுநிறுவல் தடையில்லாமல் முடிந்ததும் இதனால்தான் இருக்கும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். வட்டில் இடமும் ஐநோடும் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவிடம்) எவ்வளவு மீதி என்று காட்டும் 'டிஎஃப் -எச்', 'டிஎஃப் -ஐ' இரண்டின் விடையையும் போடுங்கள். ஹோமில் 'எல்எஸ் -எல்ஏ' கொடுத்து எக்ஸ்அத்தாரிட்டி என்று தொடங்கும் எல்லா வரிகளையும் போடுங்கள்.

கருந்திரை:

டிஎஃப்: 100 சதவீதம், மீதி 0. ஐநோடு 21 சதவீதம்தான். எக்ஸ்அத்தாரிட்டியின் உரிமையாளர் 'ரூட் ரூட்', அனுமதி 600. அதே பெயரின் முடிவில் '-சி', '-எல்' என்று சுழிய அளவில் இன்னும் இரண்டு கோப்புகள் இருக்கின்றன.

நங்கூரம்:

அப்படியானால் கோளாறு இரண்டு. இடம் தீர்ந்தது முதலாவது. இரண்டாவது சுடோவால் வந்தது. அந்தப் பெரிய ஈ உங்கள் சூழல் மாறிகளை அப்படியே கடத்துவதால், ரூட்டின் ஹோமுக்குப் பதில் உங்கள் ஹோமில் ரூட் பெயரில் கோப்புகள் விழுந்திருக்கின்றன. 600 அனுமதியில் உள்ள ரூட்டின் கோப்பை உங்களால் படிக்கவே முடியாது. '-சி', '-எல்' இரண்டும் எக்ஸ்அத்தாரிட்டியை எழுதும் எக்ஸ்ஆத் நிரல் பாதியில் விட்டுப்போன பூட்டுக் கோப்புகள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் அறிகுறி அப்படியேதான் இருக்கும். இந்த வரிசையில் போங்கள்.

இடம் விடுவிப்பது முதல் வேலை. 'சுடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1', அதன்பின் ஒரு சாய்கோடு, பைப் குறி, 'சார்ட் -எச்'. கடைசி வரி மொத்தம், பெரிய அடைவு அதற்கு முந்தைய வரியில் வரும்; சாய்கோட்டுக்குப் பதில் அந்த அடைவின் பாதையைப் போட்டு அதையே மறுபடி கொடுங்கள். எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பைத் தவறாமல் பாருங்கள். ஏதாவது ஒரு நிரல் ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது பல ஜிபிக்கு வீங்கிவிடும். காலிசெய்யும் முன் 'டெய்ல் -என் 20' கொடுத்து எந்த நிரல் என்று குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சில நாளில் மறுபடி நிரம்பும். பிறகு 'ட்ரன்கேட் -எஸ் 0'. ஆர்எம் வேண்டாம்: வேறு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் போகும், இடம் திரும்பாது. போதாவிட்டால் 'சுடோ ஆப்ட் கிளீன்', 'சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்' (இந்த எம் பெரிய எழுத்து). 2 ஜிபியாவது காலியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்து உரிமை. ஹோமில் நின்றுகொண்டு 'ஃபைண்ட் . -எக்ஸ்டெவ் -யூசர் ரூட்' கொடுத்துப் பட்டியலைப் படியுங்கள். சரியென்றால் தொடக்கத்தில் சுடோவும் முடிவில் '-எக்ஸெக் சிஹெச்ஓன் -எச் உங்கள்பெயர்: {} +' என்பதும் சேர்த்து மறுபடி கொடுங்கள். பெயருக்குப் பின் அந்த முக்காற்புள்ளி இருந்தால் குழுவும் சேர்ந்து மாறும். ஹோம் முழுவதற்கும் 'சிஹெச்ஓன் -ஆர்' போடச் சொல்லும் அறிவுரை நிறைய உண்டு. கன்டெய்னர் நிரலான பாட்மேனை ரூட் இல்லாமல் ஓட்டுபவருக்கு அது கன்டெய்னர் கோப்புகளின் உரிமையையே குலைத்துவிடும்.

கடைசியாக அந்த இரண்டு பூட்டுக் கோப்புகளையும் எக்ஸ்அத்தாரிட்டியையும் அழியுங்கள், அடுத்த நுழைவில் புதிதாக உருவாகும். 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம்' கொடுத்து நுழையுங்கள்.

ஓடைக்கல்:

ட்யூன்2எஃப்எஸ்ல '-எம் 1' போட்டா ஒதுக்கின 5 சதவீதம் 1 ஆகிடும், உடனே ஒன்றரை ஜிபி கிடைக்கும். புது யூசர் உருவாக்கி அதுல நுழைஞ்சு பார்த்தா சிக்கல் ஹோம்லயா வெளியிலயான்னும் தெரிஞ்சிடும்.

நங்கூரம்:

படம், காணொளி மட்டும் வைக்கும் தனிப் பிரிவு என்றால் தாராளமாகக் குறைக்கலாம். ரூட் பிரிவில் வேண்டாமே. இன்று இவர் எழுத்துத் திரையில் நின்று வேலை பார்க்க முடிவதற்கு அந்த ஒதுக்கீடுதான் காரணம். புதுப் பயனர் சோதனை நல்ல சோதனை, ஆனால் டிஎஃப் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். நிரம்பிய வட்டில் புதுப் பயனரும் அதேபோல் திரும்பி வருவார். அதைப் பார்த்து டிரைவர் கோளாறு என்று முடிவுகட்டி கிராபிக்ஸ் பக்கம் அலைய நேரிடும்.

கருந்திரை:

எக்ஸ்செஷன்-எரர்ஸ் மட்டும் 9 ஜிபி இருந்தது. காலிசெய்து உரிமையை மாற்றியதும் உள்ளே நுழைந்துவிட்டேன், மிக்க நன்றி. ஆனால் பேனலைக் காணோம், சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டையும் இல்லை.

நங்கூரம்:

வட்டு நிரம்பியிருந்தபோது அமைப்புக் கோப்பைச் சேமிக்கப் போய் அது வெறுமையாகியிருக்கும். வெளியேறி எழுத்துத் திரைக்கு வாருங்கள். வெளியேறுவது முக்கியம்: எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப்டி ஓடிக்கொண்டிருந்தால் நினைவகத்தில் உள்ளதையே மறுபடி எழுதிவிடும். ஹோமில் 'ஃபைண்ட் .கான்ஃபிக் -டைப் எஃப் -சைஸ் 0' கொடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் எக்ஸ்எம்எல் அந்தப் பட்டியலில் வந்தால் முடிவில் '.ஓல்ட்' சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். பேனல் இயல்பு அமைப்போடு வரும்.

தலைப்புப் பட்டை இல்லையென்றால் சாளர மேலாளரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தொடங்கவில்லை என்று பொருள். சேமித்து வைத்த அமர்வில் அது விடுபட்டிருக்கும். ஹோமில் '.கேஷ்' அடைவுக்குள் 'செஷன்ஸ்' என்பதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு நுழையுங்கள்.

கருந்திரை:

இரண்டும் வந்துவிட்டன. டெய்ல் காட்டிய 20 வரியும் ஒன்றேதான், பேனலில் சேர்த்திருந்த ஒரு வானிலைச் செருகு.

ஓடைக்கல்:

அப்போ அதைப் பேனல்ல மறுபடி சேர்க்காதீங்க. ரெண்டு நாள் கழிச்சு எக்ஸ்செஷன்-எரர்ஸ் எத்தனை கேபி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.