பழைய ஜப்பானிய வாள்: சாணை பிடிக்கக் கொடுக்கலாமா?

வணக்கம். ஒகயாமாவில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா, தம் கணவரின் குடும்ப வாளைக் காட்டி யோசனை கேட்கிறார். பதிவுச் சான்றிதழ் முறையாக இருக்கிறது. செய்தவர் யார், எந்தக் காலத்தது என்பது மட்டும் தெரியவில்லை.

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினோம். உள்ளே செருகியிருந்த காம்பில் கையொப்பம் இல்லை. இரண்டு துளைகள் இருக்கின்றன. நீண்ட வாளைப் பிற்காலத்தில் வெட்டிக் குறைத்ததன் அடையாளமா இது? காம்பு கன்னங்கரேலென்று துருவேறியிருக்கிறது. அதைத் தேய்த்துவிட வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். வயதைக் கணிக்க அந்தத் துருதான் முக்கியமான சாட்சி.

விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், கூர்விளிம்பை ஒட்டி வெண்மையான ஓர் அலைக்கோடு ஓடுகிறது. முதுகில் கனமாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். சட்டெனக் குளிரும் விளிம்பு கடினமாகிறது. மெதுவாகக் குளிரும் முதுகு முறியாமல் தாங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைதான் அந்தக் கோடு. அதற்கு மேலே, மடித்து மடித்து அடித்த எஃகின் வரிகள்கூடத் தெரிகின்றன. என்ன கைத்திறன்!

நுனியருகே மட்டும் சில துருப்புள்ளிகள். ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் எஃகு கொஞ்சம் தேய்ந்துதான் போகும், திரும்பி வராது. எண்ணெய் தடவிப் பாதுகாத்தால் போதுமா, தேர்ந்த சாணைக் கலைஞரிடம் கொடுத்தே ஆக வேண்டுமா? ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே விசாரித்த அனுபவம் யாருக்காவது உண்டா? அம்மாவின் மகன் இந்த மாதக் கடைசியில் வந்து முடிவெடுப்பார். அதற்குள் சொல்லுங்கள்.