சித்தப்பா பிறழ் சாட்சி ஆன கதை

கோர்ட்டுக்கு நான் போனது சித்தப்பாவுக்குத் துணையாகத்தான். ஒரு வழிப்பறி வழக்கில் அவர் மகஜர் சாட்சி, அதாவது போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றியபோது பக்கத்தில் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் டீ குடிக்கப் போனவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போட்டதையே மறந்துவிட்டார். திடீரென்று சம்மன்.

தாலுகா ஊர் கோர்ட். பாலியல் வழக்கு மாதிரி சிலதைத் தவிர, விசாரணையை யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். செல்லை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் வெறும் வாய்தா. டவாலி பேரைக் கூப்பிடுவார், ஒருவர் போய்க் கும்பிட்டு நிற்பார், அடுத்த தேதி. ஒரு பையன் ஜெயிலில் இருந்தபடியே திரையில் தலையைக் காட்டினான். அரை நிமிஷத்தில் காவல் நீட்டிப்பு முடிந்தது.

அப்புறம் சித்தப்பா. கீதை மேல் கை வைப்பதெல்லாம் சினிமாவோடு சரி. உண்மை சொல்வதாக ஒரு உறுதிமொழி மட்டும்தான். துணிப்பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். அரக்கு முத்திரை, நூலில் கட்டிய அட்டை, உள்ளே துருவேறிய கத்தி.

"எதிரி இதை எடுத்துக் குடுத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்றார் அரசு வக்கீல். எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்.

"இல்லைங்கய்யா. நான் போறப்பவே மேசை மேல இருந்துச்சு. கையெழுத்து என்னோடதுதான்."

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதைத் தொடர்ந்து பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். புதிய சட்டம் வந்த 2024 ஜூலைக்கு முந்தைய வழக்கு என்பதால் பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. கத்தியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டியவர் இவர். அதனால்தான் அரசு வக்கீலுக்கு முகம் மாறியது. பிறழ் சாட்சியாக, அதாவது தன்னைக் கூப்பிட்ட தரப்புக்கே மாறாகச் சொல்பவராகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார், கிடைத்தது. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

"எதிரிக்கு உதவி பண்ணப் பொய் சொல்றீங்க."

"அய்யா, அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார்: "எதிரிக்கு உதவும் பொருட்டு நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." சித்தப்பா ஜென்மத்தில் பேசாத தமிழ்.

இந்த வழக்கின் எதிரி வழிப்பறியைச் செய்திருக்கவும் கூடும். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா இரண்டு பெஞ்ச் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கூண்டைவிட்டு இறங்கும்போது அவர் பார்த்த பார்வைக்கு எங்களிடம் பதில் இல்லை. உண்மையைத்தானே சொன்னார் என்று அவரிடம் போய்ச் சொல்லவா முடியும்?

கையெழுத்துக்காகச் சாட்சியத் தாள்களை நீட்டினார்கள். பேனாவை வாங்கிய சித்தப்பா, அதைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். முதல் வரியிலிருந்து விரல் வைத்து, உதட்டசைய வாசிக்க ஆரம்பித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். "பெரியவரே, சீக்கிரம்" என்றார் கிளார்க். சித்தப்பா நிமிரவில்லை.