பரவல் வீதமா, நிலவல் வீதமா: பேற்றுக்காயக் கணக்கெடுப்புக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

பிரசவத்தில் தாய்க்கு ஏற்படும் காயங்களை எண்ணும் நம் கணக்கெடுப்பு வினாத்தாளில் 'பிரிவலன்ஸ்' (ஒரு நோய் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற அளவு) வரும் இடமெல்லாம் 'பரவல் வீதம்' என்றே போட்டுவிடலாம் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெங்கு பரவும், காலரா பரவும். பிரசவத்தில் கிழிந்த தசை பரவாது. பட்டவளோடு மட்டும் இருபது, முப்பது ஆண்டு கிடக்கும். "இந்த வட்டாரத்தில் பரவல் வீதம் இவ்வளவு" என்று படிக்கிற ஊராட்சித் தலைவர் தொற்றுநோய் என்றே எடுத்துக்கொள்வார். ஓயாமல் கசியும் சிறுநீரின் வாடைக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு இந்தச் சொல் இன்னொரு தண்டனை.

நான் முன்மொழிவது 'நிலவு வீதம்'. ஓராண்டில் புதிதாக ஏற்படுவது நிகழ்வு வீதம். இன்றைய தேதியில் எத்தனை பேரிடம் இருக்கிறதோ அது நிலவு வீதம். இரண்டும் ஏன் பிரிந்து நிற்கவேண்டும் என்பது நம் டெல்டா மாவட்டங்களில் கண்கூடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, நாள்கணக்கில் வலியெடுத்து, நடுவில் நசுங்கிய சதை இரத்த ஓட்டமின்றி அழுகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே ஓட்டை விழுவது இன்று அரிது. நிகழ்வு தேய்ந்துவிட்டது. ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில், மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பெற்றெடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த ஆய்வோ 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களிடம்தான் பேசுகிறது.

நடவுக்குப் போகும் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், எங்கள் செவிலியரிடம் சொன்னது: "சேற்றில் நிற்கிறவரைக்கும் கவலை இல்லை தாயி, சேலை நனைந்தது யாருக்கும் தெரியாது. கரையேறினால்தான் பாடு." பழந்துணியை நான்காக மடித்து வைத்துக்கொள்கிறார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதில்லை. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறார். 49 வயதோடு நிறுத்திக்கொள்ளும் எந்த வினாத்தாளிலும் இவர் வரமாட்டார்.

அடுத்தது 'ஃபிஸ்டுலா', அதாவது மேலே சொன்ன ஓட்டை. அகராதி தரும் 'பௌத்திரம்' இங்கே உதவாது. எந்தப் பஸ் நிலையச் சுவரிலும் "மூலம், பௌத்திரம்" விளம்பரம் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆசனவாய் நோய்தான் நினைவுக்கு வரும். 'பேற்றுக் கசிவுத்துளை' என்று வைக்கலாம். பொதுப்பெயராகப் 'பேற்றுக்காயம்' போதும். குழந்தைக்கு ஏற்படுவதைப் 'பிறப்புக் காயம்' என்போம். பெறுபவள் தாய், பிறப்பது குழந்தை என்பதால் குழப்பம் வராது.

ஆனால் இவையெல்லாம் அறிக்கைக்கான சொற்கள். வாசற்படியில் நின்று கேட்கும்போது நோயின் பெயரே வேண்டாம். "இரவும் பகலும், இருமாமல் தும்மாமல் இருக்கும்போதும், கீழ்வழியாக நீரோ மலமோ கசிந்துகொண்டே இருக்கிறதா? எந்தப் பிரசவத்துக்குப் பிறகு?" என்று கேட்கவேண்டும். இருமும்போது மட்டும் சொட்டுவது வேறு தொல்லை. தசைத் தளர்ச்சியால் வருவது, மிகப் பலருக்கு இருப்பது. அடியிறக்கத்துக்கு, அதாவது கருப்பை கீழிறங்குவதற்கு, தனிக் கேள்வி வேண்டும்.

இந்த இடத்தில்தான் கணக்கு காலை வாரும். 1,000 பெண்களில் ஒருவருக்கு மட்டும் கசிவுத்துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விலக்கிவிடுகிற அருமையான கேள்வியாகவே இருந்தாலும், மீதி 999 பேரில் ஏறக்குறைய 10 பேர் தவறாக "ஆம்" பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். பதினோரு பேர் என்று அறிக்கை சொல்லும், உண்மையில் ஒருவர்தான். ஆகவே 'சொல்வழி நிலவு வீதம்', 'சோதனைவழி நிலவு வீதம்' என்று இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். முன்னது அவர்கள் வாயால் சொன்னது. பின்னது சிறுநீர்ப்பையில் நீலச் சாயம் செலுத்திப் பார்த்து மருத்துவர் உறுதிசெய்தது. இவற்றை ஒரே பெயரில் அச்சிடுவது பெரும்பிழை.

ஆசியாவிலும் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் சிகிச்சையின்றி இந்தத் துளையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் மூடக்கூடிய துளை இது. எண்ணுவதே அவர்களைக் கண்டுபிடித்து அறுவை மேசைக்குக் கொண்டுவரத்தான்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

பேராசிரியரின் மறுமொழி:

அம்மா, வணக்கம். 'பரவல்' குறித்து நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். பாடநூல் வழக்கு என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'நிலவு வீதம்' என்பதில் மட்டும் ஒரு சிக்கல்: தனித்து வந்தால் வாசகர் வானத்து நிலவைத்தான் நினைப்பார். 'நிலவல் வீதம்' என்று தொழிற்பெயராக்கினால் அது தீர்ந்துவிடும். சொல்வழி, சோதனைவழி இரண்டும் அப்படியே இருக்கட்டும். உச்ச வயது வரம்பை எடுத்துவிட்டு, பிரசவித்த பெண்கள் எல்லாரையும் கேட்கும்படி முதல் பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். வரும் சம்பா நடவுக்கு முன் செவிலியர்களிடம் படித்துக்காட்டி, எந்தச் சொல்லில் அவர்கள் நாக்கு தயங்குகிறது என்று குறித்து அனுப்புங்கள்.