முழங்கால் 'கிராஃப்ட்'டுக்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
நண்பர்களே, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் 'முன் சிலுவை நார்' (ACL) அறுந்தவர்களுக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிங்களப் பக்கம் தயார். தமிழ்ப்பக்கம் 'கிராஃப்ட்'டில் நிற்கிறது. அறுந்த நாருக்குப் பதிலாக, நோயாளியின் உடலிலேயே வேறிடத்துத் தசைநாணை (தசையை எலும்போடு இணைப்பது) எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்; அந்த நாண்தான் கிராஃப்ட். முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள நாணை இரு முனையிலும் எலும்புத்துண்டோடு எடுத்தால் கெதியாகப் பொருந்தும், ஆனால் முழந்தாளிட்டால் நோகும். தொடையின் பின்புற நாணில் அந்த நோவு குறைவு. துளைக்குள் பிடிக்க நாளெடுக்கும், மடக்கும் பலமும் கொஞ்சம் குறையும். 'ஒட்டு' என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
ஒட்டு வேண்டாம். கிழிந்த சாரத்துக்குப் போடுவதுதான் ஒட்டு. 'பதியம்' என்க. பதிதல், பதித்தல், பதிவு எல்லாம் ஓரினம். மக்கள் பதிந்த இடமே பதி, அதாவது ஊர். வைத்த நாணில் புது இரத்தக்குழாய் வளர்ந்து, அது மெல்ல மெல்ல நாராகவே மாறுகிறதாமே. வேர்விடுவதை ஒட்டு என்பார்களா? இன்னொன்று: எங்கள் பாடநூல்களில் 'என்பு'. குறளும் 'என்பும் உரியர் பிறர்க்கு' என்கிறது. எலும்பைத் திருத்துக.

பிசியோதெரபிஸ்ட், தெகிவளை:
ஐயா, பதியம் போட்ட கிளை வேர்விடும்வரை தாய்மரத்தை விட்டுப் பிரியாது. இங்கே வெட்டியல்லவா எடுக்கிறார்கள்? ரக்பியில் முழங்கால் போன பொடியனின் அம்மா 'எங்கேயிருந்து எடுப்பீங்கள்?' என்றுதான் கேட்பா. அவவுக்கு 'மாற்று நாண்' போதும்.

தமிழாசிரியர்:
ஒரு முனையைக் கீழ்க்கால் என்பிலேயே விட்டுவைத்துச் செய்யும் முறையும் உண்டென்று என் மருமகன் சொல்கிறான். அது அசல் பதியம்! 'மாற்று' என்றால் பிளாஸ்டிக் என்று நினைப்பார்கள்.

மாணவர், மருத்துவ பீடம்:
இறந்தவரிடம் பெறும் நாணும் இருக்கிறதே. எடுத்த இடத்தில் நோவு என்ற பேச்சே இல்லை, ஆனால் விளையாடும் இளவயதினருக்குத் திரும்ப அறுவது கூட. தன்னொட்டு, பிறரொட்டு என்று பிரித்தால் இரண்டும் அடங்கும். தன்பதியம், பிறர்பதியம்? வாய்க்குள் நுழையவில்லை.

தமிழாசிரியர்:
தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்துத் தன்னொட்டு. புணர்ச்சி சரி, பொருள்தான் சரியில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, மற்றச் சொற்களைவிட ஒட்டுப் பக்கம்தான் ஆள் கூட. முதல் வரியில் 'ஒட்டு, அதாவது மாற்றாக வைக்கும் நாண்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். எலும்பு எலும்பாகவே இருக்கிறது, ஐயா மன்னிக்க.

தமிழாசிரியர்:
மன்னிப்பதற்கில்லை. இரண்டாம் பதிப்பு எப்போது?