வெயிலுக்கு நிறம் மாறும் சன்னல்கள்: நேரில் கண்டவை

சென்னையிலிருந்து:

மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடியாக அமைந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஆறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்தப் பக்கத்து இருக்கைகளில் யாரும் உட்கார முடியாது. ஏசியை எவ்வளவு கூட்டினாலும் முதுகு சில்லிடும், முகம் எரியும். வெயில் ஏறும்போது தானாகக் கறுத்து, வெயில் தாழ்ந்ததும் தெளிந்துவிடும் ஃபிலிம் ஒன்றை நிர்வாகம் வாங்கி உட்புறம் ஒட்டச் செய்தது. முதல் வாரம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கண்கூச்சம் குறைந்தது, கணினித் திரை தெளிவாகத் தெரிந்தது, திரைச்சீலைகளை இழுத்து மூடும் வழக்கமும் நின்றுபோனது.

மூன்றாம் வாரம் ஒரு மாலையில் 'டப்' என்று சத்தம் கேட்டது. கீழிருந்து யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். ஆனால் கல் பட்டிருந்தால் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல விரிசல் பரவியிருக்கும். இந்த விரிசலோ சட்டத்தின் ஓரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, ஒரு சாண் தூரம் கோடு போட்டதுபோல் நேராக வந்து, அதன் பிறகு வளைந்து வளைந்து சென்றிருந்தது. பக்கத்துக் கண்ணாடியில் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியதாயிற்று. அலுமினியச் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் மட்டும் நிழலில் குளிர்ந்தே இருந்தது. நடுப்பகுதி சூடேறி விரிய, விரியாத ஓரம் இழுபட்டுப் பிளந்திருக்கிறது. வெப்பப் பதம் ஏற்றாத சாதாரணக் கண்ணாடி அந்த இழுவையைத் தாங்காது. ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் கண்ணாடியின் வகையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அதன் பிறகுதான் இந்தப் பொருள்களைப் பற்றி ஊன்றிப் படித்தேன். ஒளி பட்டால் கறுக்கும் கண்ணாடியை 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்னும் இருவர் உருவாக்கினார்கள். கண்ணாடிக்குள் நுண்துகள்களாகக் கலந்திருக்கும் வெள்ளி உப்பு, புற ஊதாக் கதிர் பட்டதும் வெள்ளியாகப் பிரிந்து கறுக்கிறது. கதிர் நின்றதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மூக்குக் கண்ணாடிக்கு இது அருமையான ஏற்பாடு. சன்னலுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, கறுத்த கண்ணாடி வெயிலை விழுங்கித் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள்ளேயே விடுகிறது. இரண்டாவதை என் மூக்குக் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறேன். அதன் வில்லை பிளாஸ்டிக்கால் ஆனது. வெள்ளி உப்புக்குப் பதிலாகச் சாயம் கலந்தது. கொடைக்கானலில் டிசம்பர் மாதக் காலையில் அது கறுத்த அளவுக்குச் சென்னையின் மே மாத நண்பகலில் கறுப்பதில்லை. கதிர் கறுக்க வைக்கிறது, வெப்பம் தெளிய வைக்கிறது; ஆகவே நமக்கு நிழல் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அதன் கருமை குன்றுகிறது.

வெப்பத்துக்கு மாறும் வனேடியம் டை ஆக்சைடு என்னும் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசுவதன் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். 68 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கண்ணுக்குத் தெரியாமல் சூட்டைக் கொண்டுவரும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அவ்வளவாகக் குறைக்காது. சிறிதளவு டங்ஸ்டன் சேர்த்தால் அந்த 68 டிகிரியை அறை வெப்பநிலைக்கு அருகே இறக்கிவிடலாம். பழுப்பு மஞ்சள் சாயல் ஒரு குறைதான். இத்தகைய பூச்சுள்ள சன்னலோடு வசித்தவர் எவரேனும் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

பாரிஸிலிருந்து:

அண்ணை, நீங்கள் கேட்ட பூச்சை நான் காணவில்லை. ஆனால் வெயிலுக்கு மூடித் திறக்கும் யன்னல்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே சேன் நதிக்கரையில் உள்ள அரபு உலக நிறுவனக் கட்டடத்தின் தெற்குச் சுவரில் 240 உலோகச் சதுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கமராவின் துவாரத்தைப் போலச் சுருங்கி விரியும் இதழ்கள். ஜான் நூவெல் முதலான கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1987இல் திறக்கப்பட்டது. அரபு வீடுகளின் மரச் சாளரப் பின்னலை உலோகத்தில் செய்து, வெளிச்சத்தை அளக்கும் உணரிகளோடு இணைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன நாளில் தரையெல்லாம் பூக்கோலம் போல் வெளிச்சம் விழுந்திருந்தது. என் மகள் அந்த வட்டங்களில் கால் வைத்துத் தாண்டித் தாண்டி நடந்தாள். ஆனால் கிட்டப் போய் நின்று பார்த்தபோது சில இதழ்கள் பாதியில் இறுகி நின்றன. இவ்வளவு நுண்ணிய அசையும் உறுப்புகளை வருடக்கணக்கில் பேணுவது இலேசான காரியம் அல்ல. அசையும் உறுப்பே இல்லாமல் பொருளே மாறிக்கொண்டால் அந்தத் தொல்லை இராது என்பதால், உங்கள் வனேடியம் பூச்சுக்கு நானும் காத்திருக்கிறேன்.

அபுதாபியிலிருந்து:

இங்குள்ள அல் பஹர் இரட்டைக் கோபுரங்களை வேலைக்குப் போகும் வழியில் நாள்தோறும் பார்க்கிறேன். 2012இல் கட்டி முடிக்கப்பட்ட அவற்றில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடை போன்ற திரைகள் நிற்கின்றன. சூரியன் நகர நகர அவை விரிந்தும் மடங்கியும் இடம் கொடுக்கின்றன. வெப்பம் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுவதால் சென்னை நண்பர் சொன்ன விரிசலுக்கு அங்கே வாய்ப்புக் குறைவு. வடக்குப் பக்கம் மட்டும் திரை இல்லை.

சென்னையிலிருந்து, மீண்டும்:

வடக்கைப் பற்றிய அந்தக் கடைசி வரி முக்கியமானது. அபுதாபி கடக ரேகையை ஒட்டி இருப்பதால் அங்கே வடக்குச் சுவரை வெயில் பெரிதாகத் தொடுவதில்லை. வட அட்சரேகை 13 பாகையில் இருக்கும் சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலேயே சூரியன் தலைக்கு மேல் வந்து, ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சி வேளையில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. நம் நாட்டின் 2017 எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதியும் நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் கண்ணாடி தன்மேல் படும் வெயில் வெப்பத்தில் 0.27 பங்குக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்று வரம்பு வைத்து, 15 பாகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் வடக்குச் சன்னலுக்கும் அதே வரம்பைச் சொன்னது. நாங்கள் மேற்கில் ஃபிலிமை உரித்துவிட்டு, வெளியே இரண்டடி தள்ளித் துளையிட்ட அலுமினியத் தட்டிகளை நிறுத்தினோம். இப்போது மாலை நான்கு மணிக்கும் கண்ணாடியில் கையை ஊன்றி நிற்கலாம். வடக்கை அன்று கணக்கிலேயே எடுக்கவில்லை. சென்ற ஜூனில் அந்தப் பக்கத்து மேசைகளில் காலை எட்டு மணிக்கே வெயில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அங்கும் தட்டிக்கு அளவெடுத்து வைத்திருக்கிறோம்.