குரூப் டூரில் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது: உங்கள் அனுபவம்?

கும்பகோணத்து மாமி:
காசி, கயா, பிரயாக்ராஜ், ஒன்பது நாள். கூடவே சமையல் மாஸ்டர், காஸ் அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் வரும், தெரிந்த கதைதான். மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஒரு கச்சோரி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

விசுவநாதர் தரிசனம் முடித்து சந்து வழியாகத் திரும்புகிறோம். காலை ஏழு மணி இருக்கும். திண்ணை அகலத்துக்கு ஒரு கடை. எண்ணெயில் தட்டையாக இறங்கிய கச்சோரியைக் கரண்டியால் லேசாக அமுக்கினார், குப்பென்று உப்பி மேலே வந்தது. பக்கத்தில் இன்னொருவர் ஜிலேபி பிழிகிறார். நான் இரண்டு விரலைக் காட்டினேன், அவர் தொன்னையில் உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றியும் விட்டார். அதற்குள் பின்னாலிருந்து டூர் மேனேஜர்: "மாமி, பொங்கல் ஆறிடும், எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கறாங்க!" வந்துவிட்டேன். அனுமன் காட் சத்திரத்தில் அந்தப் பொங்கல் ஆறித்தான் இருந்தது.

ரிட்டயர்டு வாத்தியார்:
மாமி, பொங்கலைக் குறை சொல்லாதீர்கள். என் அப்பாவுக்கு அப்போது 78 வயது. கயாவில் பல்கு நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம் என்று பிண்டம் போட்டு எழுந்தபோது மணி மூன்று. வெறும் வயிறு. மாஸ்டர் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தார். அப்பா மேல்துண்டால் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடி, ஊதி ஊதிக் குடித்தார். நடுவில் "பெருங்காயம் சரியா விழுந்திருக்கு" என்றார், அவ்வளவுதான். இப்போது அவர் இல்லை. கச்சோரி சாப்பிட்டு வயிறு கெட்டிருந்தால் அந்தப் பிண்டத்தை யார் போடுவது?

(அட்சய வடம் என்ற ஆலமரத்தடியில், இனி சாப்பிடுவதில்லை என்று ஒரு காயை விட்டுவிடுவது வழக்கம். அப்பா விட்ட காய் கொத்தவரங்காய். பிறந்ததிலிருந்தே அதைத் தொட்டதில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.)

ரயில் பைத்தியம், கோவை:
எனக்கு வாய்க்கு எட்டியது, ஆனால் வேறு மாதிரி. டெல்லி, அமிர்தசரஸ், வாகா. பொற்கோயிலுக்கு 45 நிமிஷம்தான், "லங்கர்ல உக்காராதீங்க, பஸ்ல லெமன் சாதம் இருக்கு" என்று உத்தரவு. லங்கர் என்றால் அங்கே எல்லாருக்கும் போடும் இலவசப் பந்தி. நானும் தங்கையும் நழுவிவிட்டோம். தலையில் துணி, தரையில் வரிசை. ரொட்டிக் கூடையோடு வந்த பெரியவரிடம் ஒரு கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. நகரவும் இல்லை, சும்மா நின்றார். தங்கை முழங்கையால் இடித்தாள். திரும்பிப் பார்த்தால் வரிசையில் எல்லாரும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியிருக்கிறார்கள். நானும் ஏந்தினேன், ரொட்டி விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அடுத்தவரிடம் போய்விட்டார். இன்றும் வீட்டில் அம்மா தோசை போடும்போது அது ஞாபகம் வருகிறது. பஸ்ஸில் வாங்கிய திட்டு தனிக் கதை.

அனுபவஸ்தன்:
ஆக்ராவில் பளிங்குக் கடையில் ஒன்றரை மணி நேரம், தாஜ்மகாலில் ஐம்பது நிமிஷம். என் கதை இவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்கள் கேளுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும். உங்கள் அட்டவணையில் ஆக்ரா வெள்ளி என்று இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே சண்டை போடுங்கள். உள்ளே நுழைய ஒரு டிக்கெட், மேலே ஏறிச் சமாதியைப் பார்க்கத் தனியாக 200 ரூபாய். "எல்லாம் சேர்த்து" என்பதில் இந்த இரண்டாவது டிக்கெட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீழேயே நின்று போட்டோ எடுத்துவிட்டு வர வேண்டியதுதான். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் போகாதீர்கள், பனிமூட்டத்தில் எதிரில் இருப்பது தாஜா வெள்ளைச் சுவரா என்றே தெரியாது. கடையில் பளிங்கின் மேல் டார்ச் அடித்து, வெளிச்சம் உள்ளே ஊறுவதைக் காட்டுவார்கள். மயங்காதீர்கள், மெல்லிய வெள்ளைப் பளிங்கு பொதுவாக அப்படித்தான். ஆக்ராவின் இனிப்பான பேட்டா வாங்குவதானால் அரைக் கிலோ போதும், அது நம் வெண்பூசணிதான்.

ரயில் பைத்தியம், கோவை:
அண்ணே, கதை இரண்டு வரி, உபதேசம் ஒரு பக்கம்!

ஈப்போ தமிழன்:
நாங்கள் மலேசியாவிலிருந்து போனோம், மதுரை, காரைக்குடி, தஞ்சாவூர். காரைக்குடியில் மற்ற மேசைகளில் இலை, எங்கள் மேசையில் மட்டும் பீங்கான் தட்டும் முள்கரண்டியும். கோழிக்குழம்பு வெளுத்துப்போய் இருந்தது. "ஃபாரின் குரூப், காரம் வேணாம்னு கைடு சொல்லிட்டார்" என்றார் பரிமாறிய தம்பி. "தம்பி, எங்களுக்கும் ஒரு இலை போடுப்பா" என்று அம்மா கேட்டார். அந்தப் பையன் திகைத்ததைப் பார்க்க வேண்டுமே! "தமிழா நீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குள் ஓடினான்.

கும்பகோணத்து மாமி:
வாத்தியார் சாருக்கு ஒரு பதில். என் மாமனாருக்கும் எங்கள் டூர் சமையல் மாஸ்டர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். திரும்பி வரும்போது ரயிலில் அவரிடம் கச்சோரிக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு, "அந்தச் சந்துக்கடைதானே மாமி? நான் தினமும் நாலரை மணிக்கே போய் அங்கதான் சாப்பிடுவேன், அப்புறம் வந்துதான் உங்களுக்குப் பொங்கல் வைப்பேன்" என்றார்.