பணிப் பட்டியலும் குறிப்பும் ஒரே செயலியிலா, தனித்தனியாகவா?

அரைக்குறிப்பு:
அப்சிடியன் குறிப்புச் செயலியில் 400 குறிப்புகள் வரை சேர்ந்துவிட்டன. கூட்டக் குறிப்பு, படித்தது, செய்ய வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே. செய்ய வேண்டியவை மட்டும் கண்ணில் படுவதே இல்லை. பணிகளை டூடுயிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலிக்குப் பிரித்துவிடலாமா, இருப்பதையே சரிக்கட்டலாமா?

தனித்தடம்:
பிரித்துவிடுங்கள். குறிப்பு நாளாக ஆக மதிப்புக் கூடும். பணி நாளானால் காலாவதி. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால் பணிதான் புதையும். குறிப்புக்கு நடுவே பணிக்காகப் போடும் - [ ] என்ற தேர்வுக் கட்டத்துக்குக் கெடுவும் கிடையாது, மணியும் அடிக்காது. கூட்டம் முடிந்ததும் குறிப்பை ஒருமுறை மேலிருந்து படித்து, செய்ய வேண்டிய வரிகளை மட்டும் டூடுயிஸ்ட்டில் போடுங்கள். வினையோடு எழுதுங்கள்: "பட்ஜெட்" என்று போட்டால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது, "பட்ஜெட் கோப்பில் 3ஆம் தாளைத் திருத்தி அனுப்பு" என்றால் புரியும். பணியின் விளக்கத்தில் அந்தக் குறிப்பின் அப்சிடியன் முகவரியை ஒட்டிவிட்டால் போதும்.

ஒரேகூடை:
அந்த முகவரியில்தான் வம்பே. அதில் இருப்பது பெட்டகத்தின் (குறிப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறையின்) பெயரும் கோப்பின் பாதையும். கோப்பின் பெயரை மாற்றினால் அப்சிடியனுக்குள் இருக்கும் இணைப்புகளை அதுவே திருத்திக்கொள்ளும். டூடுயிஸ்ட்டில் ஒட்டியது செத்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பணி இருக்கும், எதற்காக என்பது இருக்காது.

அரைக்குறிப்பு, உங்கள் சிக்கல் இடம் அல்ல, வடிகட்டி. அப்சிடியனில் பணிகளைத் தொகுத்துக் காட்டும் டாஸ்க்ஸ் செருகுநிரலைப் போடுங்கள். அமைப்பில் முதல் வேலையாக உலகளாவிய வடிகட்டிக்கு ஒரு குறிச்சொல் கொடுங்கள்; அந்தச் சொல் உள்ள கட்டம் மட்டுமே பணி. இதை விட்டுவிட்டால் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் உட்பட எல்லாக் கட்டங்களும் பணியாகிவிடும். பலர் வெறுத்து ஓடுவது இங்கேதான். பிறகு "இன்று" என்று ஒரே ஒரு குறிப்பு. அதில் பணிகளைத் தேடித் தர ஒரே வினவல்: முடியாதவை, கெடு இன்றோ அதற்கு முன்போ, கெடு வரிசையில். காலையில் அதை மட்டும் திறங்கள்.

தனித்தடம்:
பெயர் மாற்றம் பற்றிச் சொன்னது நியாயம். முகவரிக்குப் பதில் குறிப்பின் தொடக்கத்தில் தேதியும் நேரமும் சேர்ந்த 12 இலக்க எண்ணை வைத்து, பணியில் அந்த எண்ணை மட்டும் எழுதலாம். பெயர் மாறினாலும் தேடினால் சிக்கும். ஆனால் நீங்கள் ஒன்றைத் தொடவே இல்லை: அந்த வினவல் நீங்கள் திறந்தால்தான் பேசும். மாலை 4 மணிக்குப் போன் அதிருமா?

ஈமேக்ஸ்வாசி:
இருவரும் கெடுவைப் பற்றியே பேசுகிறீர்கள், தொடங்கும் நாளை விட்டுவிட்டீர்கள். ஈமேக்ஸ் உரைத்திருத்திக்காக 2003இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய, குறிப்புக்கும் பணிக்குமான ஆர்க் மோடில் இவை இரண்டும் வேறு. கெடு இயல்பாகவே 14 நாள் முன்னதாக நிகழ்ச்சிப் பட்டியலில் தலைகாட்டும். திட்டமிட்ட நாள் அன்றைக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் கெடு போட்டால் பட்டியல் நிரம்பி, உண்மையான கெடு அதற்குள் மூழ்கும். எந்தச் செயலியானாலும் இதே கதைதான்.

திரும்ப வரும் பணியும் அப்படித்தான். ஞாயிறுதோறும் காப்புநகல் எடுப்பதை மூன்று வாரம் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆர்க் மோடில் பணியை முடித்ததாகக் குறித்தால் + குறி ஒரு வாரம்தான் நகர்த்தும், தேதி இன்னும் பழையதாகவே நிற்கும். ++ அடுத்து வரும் ஞாயிறுக்குத் தாவும். .+ முடித்த நாளிலிருந்து ஏழு நாள் எண்ணும். புதன்கிழமை செய்தால் இனி புதன்தான். காப்புநகலுக்கு ++, தண்ணீர் வடிகட்டி மாற்ற .+.

தனித்தடம்:
டூடுயிஸ்ட்டிலும் உண்டு: "எவ்ரி" (every) என்றால் அட்டவணைப்படி, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து. அந்த ஒரு குறியைப் பலர் கவனிப்பதில்லை. அதற்காக ஈமேக்ஸ் கற்கச் சொல்வது கொசுவுக்குப் பீரங்கி :)

ஈமேக்ஸ்வாசி:
கற்கச் சொல்லவில்லையே. கேள்வியைக் கடன் வாங்குங்கள், கருவியை அல்ல.

தனித்தடம்:
ஒரேகூடைக்கு இன்னொன்று. போனிலும் கணினியிலும் ஒரே குறிப்பைத் திருத்தினால்? கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங், மோதல் நகல் ஒன்றை அதே கோப்புறையில் போடும். அதுவும் அப்சிடியன் குறிப்புகளைப் போல மார்க்டவுன் கோப்புதான், ஆகவே ஒன்றில் முடித்த பணி மற்றதில் முடியாததாகவே நின்று உங்கள் வினவலில் வரும்.

ஒரேகூடை:
வரும், மறுக்கவில்லை. மோதல் நகலின் பெயரில் அதற்கான சொல் இருக்கும், அந்தப் பாதையை வினவலிலேயே விலக்கிவிடலாம். விலக்கியதோடு நிறுத்தாமல் வாரம் ஒருமுறை அந்த நகல்களைத் திறந்து ஒப்பிட்டு அழிக்க வேண்டும். இல்லையென்றால் போனில் எழுதிய இரண்டு வரி சத்தமில்லாமல் போய்விடும். மணி அடிக்காது என்பதும் உண்மைதான். அரைக்குறிப்பு, உங்கள் பணிகளில் குறிப்பிட்ட மணிக்கே நடந்தாக வேண்டியவை எத்தனை? அதை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அரைக்குறிப்பு:
எண்ணினேன். முடியாமல் கிடப்பவை 63. குறிப்பிட்ட மணிக்கு நடக்க வேண்டியவை 4. கெடுவே இல்லாதவை 40க்கு மேல்.

தனித்தடம்:
அந்த 40 பணி இல்லை, ஆசை. "என்றாவது" என்று ஒரு குறிப்பில் தள்ளிக் குறிச்சொல்லை எடுத்துவிடுங்கள். மீதி 20 சொச்சத்துக்கு ஒரேகூடையின் வினவலே போதும், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரேகூடை:
அந்த நாலு?

தனித்தடம்:
போன் நாள்காட்டி. அதற்கு இருவர் செயலியும் வேண்டாம்.